தம்பிக்கு எந்த மருந்து கேட்கும் என்று ஸ்கேன் சொல்லுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. 21 வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு நோய் என்றார்கள். ஆறு வருடத்தில் நான்கு மருந்துகள் மாற்றியாயிற்று. கொஞ்சம் குறைகிறது, மறுபடி வருகிறது. இப்போது ஒரு மையத்தில், தலையில் ஒயர் வைத்து 'பிரெயின் மேப்பிங்' செய்து, கலர் ஸ்கேனும் எச்சிலில் ஜீன் டெஸ்ட்டும் எடுத்தால் எந்த மருந்து அவனுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய தொகை. தம்பியோ, "என் மூளையில் கோளாறு என்று ஸ்கேனில் காட்டுங்கள், அப்புறம் மாத்திரை போடுகிறேன்" என்கிறான். கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா? சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வாங்காதீர்கள். அந்த மூன்றையும் சேர்த்து எடுத்தாலும் உங்கள் தம்பிக்கு எந்த மருந்து கேட்கும் என்று இன்றைய தேதியில் அவற்றால் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்பணம் கட்டப் போகிற நேரத்தில்தான் எழுதுகிறார்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அதை நானும் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கரை நோயில் ரத்தத்தில் எதை அளக்கிறோமோ, அதன் பெயரிலேயே நோயும் இருக்கிறது. மனச்சிதைவில் அந்த வசதி கிடையாது. குரல் கேட்பது, யாரோ துரத்துகிறார்கள் என்ற நம்பிக்கை, பேச்சு கோர்வை தப்புவது, எதிலும் ஆர்வம் வற்றிப்போவது என்று சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்கு மனநல மருத்துவர்களாகிய நாங்கள் வைத்த பெயர் அது. மூட்டைக்குள் ஒரே நோய்தான் இருக்கிறதா என்பதே சந்தேகம். அமெரிக்காவில் பி-ஸ்னிப் என்ற ஆய்வுக் குழு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), இரண்டும் கலந்த நிலை ஆகிய மூன்று வகையினரையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய மூளை அலைகள், கண் அசைவு, நினைவாற்றல் எல்லாவற்றையும் அளந்து, கணினியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னது. 2016இல் முடிவை வெளியிட்டார்கள். கணினியும் மூன்று குழுக்களாகத்தான் பிரித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் மூன்று நோய்ப் பெயர்க்காரர்களும் கலந்து இருந்தார்கள். நாங்கள் பேசிப் பார்த்து வைத்த பெயர் ஒரு பக்கம், மூளை காட்டும் பிரிவு இன்னொரு பக்கம்.

சரி, மூளையில் எதுவுமே தெரியவில்லையா என்றால், தெரிகிறது. அதில்தான் சிக்கலே. 1976இல் ஈவ் ஜான்ஸ்டோன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் லண்டனின் நார்த்விக் பார்க்கில், பல வருடமாக மனச்சிதைவில் இருந்தவர்களை அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். மூளைக்கு நடுவே திரவம் நிறைந்த அறைகள் உண்டு. அவை இவர்களுக்குச் சராசரியில் பெரிதாக இருந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த 'சராசரியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்கள் சராசரியில் பெண்களைவிட உயரம். திரைக்குப் பின்னால் நிற்கும் ஒருவரின் உயரம் 165 சென்டிமீட்டர் என்று மட்டும் சொல்லி, ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? மூளையின் அறைகளும் அப்படித்தான். நோயுள்ள பலருக்கு அவை சாதாரண அளவில் இருக்கும். நோயில்லாத சிலருக்குப் பெரிதாக இருக்கும்.

தலையில் ஒயர் வைக்கும் பரிசோதனையைப் பற்றியும் இதே கதைதான். இ.இ.ஜி. ஒன்றும் மோசடிக் கருவி கிடையாது. அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் பெர்கரே ஒரு மனநல மருத்துவர். 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். வலிப்பு நோய்க்கு இன்று அது இல்லாமல் நடக்காது. மனச்சிதைவு ஆய்விலும் அதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தலையில் நிறைய மின்முனைகள் கொண்ட தொப்பி ஒன்றை மாட்டி, சத்தமில்லாத படம் ஒன்றைப் போட்டு உட்கார வைப்பார்கள். காதில் ஒரே மாதிரி 'டிக், டிக், டிக்' என்று ஒலி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் எப்போதாவது ஒரு 'டிக்' மட்டும் கொஞ்சம் நீளமாக வரும். படம் பார்க்கிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் மூளை கவனித்துவிடும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அலையில் ஒரு சின்னப் பள்ளம் விழும். மனச்சிதைவு உள்ளவர்களில் அந்தப் பள்ளம் ஆழம் குறைவாக இருக்கிறது என்பது 1990களின் தொடக்கத்திலிருந்து தெரிந்த விஷயம். எனக்குப் பிடித்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. எதிர்பார்ப்பு தப்பும்போது அதைக் கண்டுகொள்ளும் திறன் மங்கியிருக்கிறது என்று அது சொல்கிறது. ஆனால் உங்கள் தம்பியின் அலையில் அந்தப் பள்ளம் ஆழமா இல்லையா என்று பார்த்து, இந்த மாத்திரையை நிறுத்தி அந்த மாத்திரையைக் கொடு என்று சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது.

கலர் ஸ்கேன் பற்றி ஒரு மீன் கதை. 2009இல் கிரெய்க் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் மனதில் என்ன உணர்ச்சி ஓடுகிறது?" என்று கேட்டார்கள். ஒரே சமயத்தில் மூளையின் ஆயிரக்கணக்கான இடங்களைச் சோதிக்கும்போது தற்செயலாகச் சில ஒளிரும், அதற்காகக் கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, செத்த மீனின் மூளையில் ஓர் இடம் 'வேலை செய்வதாக' ஒளிர்ந்தது. திருத்தத்தைச் செய்தவுடன் அணைந்துவிட்டது. 2012இல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்து யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது. ஸ்கேனின் சிவப்பும் நீலமும் மூளையின் நிறம் கிடையாது. யாரோ எங்கோ ஒரு கோட்டைக் கிழித்து, இதற்கு மேல் சிவப்பு, கீழே நீலம் என்று கணினிக்குச் சொன்னதன் விளைவு. அந்த மையத்தில் சொல்லும் கலர் ஸ்கேன் அநேகமாக ஸ்பெக்ட்டாக இருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்ட, சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுப்பது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் பணிக்குழு ஒன்று இந்த ஸ்கேன்களை எல்லாம் அலசி 2018இல் அறிக்கை வெளியிட்டது. மனநோய் எதற்கும் இன்னது என்று கண்டறிய நடைமுறையில் உதவும் மூளைப் படக் குறியீடு இன்னும் இல்லை என்பதே அதன் முடிவு. அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

அதற்காக மூளையை ஸ்கேன் எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நேர்மாறாக, முதன்முதலில் குரல் கேட்டு, சந்தேகம் வந்து ஒருவர் எங்களிடம் வரும்போது எம்.ஆர்.ஐ.யோ சி.டி.யோ, ரத்தப் பரிசோதனைகளோ, தேவைப்பட்டால் இ.இ.ஜி.யோ எடுக்கச் சொல்வோம். கட்டி, வலிப்பு, தொற்று, தைராய்டு போன்ற வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். எங்கள் துறையின் வரலாற்றிலேயே பெரிய வெற்றிகள் இந்தப் பக்கம்தான் கிடைத்திருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன்பு மனநலக் காப்பகங்களில் ஏராளமான பேர் ஒருவகைப் பைத்தியமும் பக்கவாதமும் சேர்ந்து வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1906இல் சிபிலிஸ் நோய்க்கு வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்தது. 1913இல் நொகுச்சியும் மூரும் அந்த நோயாளிகளின் மூளையிலேயே சிபிலிஸ் கிருமியைக் காட்டினார்கள். பெனிசிலின் வந்ததும் அந்த வார்டுகள் காலியாயின. இன்னொன்று மிகச் சமீபத்தியது. 2007இல் ஜோசப் டால்மாவும் குழுவினரும், உடலின் எதிர்ப்பு சக்தியே, மூளை செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஒரு மூளை அழற்சியை விவரித்தார்கள். ஆரம்பத்தில் அசல் மனச்சிதைவு மாதிரியே இருக்கும். இளம்பெண்களுக்கு அதிகம் வரும், சிலருக்கு சினைப்பையில் இருக்கும் கட்டிதான் மூலகாரணம். முதுகுத்தண்டு நீரில் அந்த எதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடித்து, சரியான சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். எங்களுக்குள் ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. ஒரு மனநோய்க்கு உறுதியான பரிசோதனை கிடைத்துவிட்டால், மறுநாளே அது நரம்பியல் நோயாகிவிடும். மீதி எங்களிடம் தங்கிவிடும்.

ஆகவே ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். 21 வயதில் உங்கள் தம்பிக்கு நோய் எப்படி வந்தது? மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஒதுங்கி, படிப்பு சரிந்து, பிறகு குரல் கேட்க ஆரம்பித்ததா? அல்லது சில நாட்களில், சில வாரங்களில் திடீரென்று காய்ச்சல், வலிப்பு, உடல் விறைப்பு, வாய் தானாக அசைவது, ஆள் அடையாளம் குழம்புவது என்று வந்ததா? இரண்டாவது மாதிரி என்றால், ஆறு வருடம் கழித்தும்கூட அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் மாதிரி என்றால், ஆரம்பத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து எதுவும் இல்லை என்று வந்திருந்தால், மறுபடி எடுப்பதால் பொதுவாகப் புதிதாக எதுவும் கிடைக்காது.

ஜீன் டெஸ்ட்டை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. அது என்ன சொல்லும் என்பதில்தான் குழப்பம் நடக்கிறது. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரியான மருந்துகளை உங்கள் கல்லீரல் வேகமாக உடைக்குமா, மெதுவாக உடைக்குமா என்று அதில் ஓரளவு தெரியும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ சில சமயம் உதவும். எந்த மருந்து குரலை நிறுத்தும் என்பது வேறு கேள்வி, அதற்கு அந்த டெஸ்ட்டில் பதில் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இலேயே, குறிப்பிட்ட மருந்து ஒருவருக்குக் கேட்குமா என்று கணித்துச் சொல்வதாக விற்கப்படும் ஜீன் டெஸ்ட்டுகள் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எச்சரித்தது. உயிரைக் காப்பாற்றும் ஜீன் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை, எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் கொப்பளித்து உரியும் கொடிய ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். ஆசிய வம்சாவளியினர் பலரிடம் அந்த வகை காணப்படுவதால், அவர்களுக்கு மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே சோதிக்கச் சொல்லி 2007இல் எஃப்.டி.ஏ. அறிவுறுத்தியது. ஆனால் அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

இப்போது ஆய்வுக்கூடங்களில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் தம்பியின் நிலைக்கு மிக அருகில் வரும் கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. மனச்சிதைவுக்கு நாம் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை டோபமைன் என்ற ரசாயனம் போய் உட்காரும் இடங்களை அடைத்துவிடுகின்றன. அந்த இடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடைபட்டால் பலன் தெரிகிறது, ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டினால் கை கால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன என்று, கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் மூலம்தான் தெரிந்தது. இன்றைக்கு நாங்கள் பழைய காலத்தைவிடக் குறைந்த அளவில் மருந்து கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். மருந்து கேட்டவர்கள் 12 பேர், கேட்காதவர்கள் 12 பேர், நோயில்லாதவர்கள் 12 பேர். மூளை எவ்வளவு டோபமைன் தயாரிக்கிறது என்று அதே பெட் ஸ்கேனில் அளந்தார்கள். மருந்து கேட்டவர்களுக்கு உற்பத்தி அதிகமாக இருந்தது. கேட்காதவர்களுக்கோ நோயில்லாதவர்களைப் போலவே இருந்தது. பெருக்கெடுக்காத இடத்தில் அணை கட்டினால் என்ன பலன்? அதே குழுவினரின் பிந்தைய வேலையில், மருந்து கேட்காதவர்களின் மூளையில் ஓரிடத்தில் குளூட்டமேட் என்ற வேறொரு ரசாயனம் கூடுதலாக இருப்பது தெரிந்தது.

அழகான கண்டுபிடிப்பு. ஆனால் 12 பேர் என்பதை மறக்க வேண்டாம். அந்த ஸ்கேனுக்குத் தேவைப்படும் கதிரியக்கப் பொருள் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடும், தயாரித்த கையோடு பயன்படுத்த வேண்டும். எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் இல்லை. அப்புறம் இன்னொரு பெரிய அடி 2024இல் விழுந்தது. மனச்சிதைவு மருந்துச் சோதனைகள் பலவற்றின் தகவல்களைக் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு மருந்து கேட்கும் என்று கணிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட சோதனைக்குள் கணினி பிரமாதமாகக் கணித்தது. புதிதாக வேறொரு சோதனையின் நோயாளிகளைக் காட்டியதும், காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட மேலாக எதுவும் சொல்லவில்லை. சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அது. உங்களிடம் யாராவது "எங்கள் சாஃப்ட்வேர் 90 சதவீதம் சரியாகச் சொல்லும்" என்றால், எங்கே, எந்த நோயாளிகளிடம் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

மூளையை அளந்து சிகிச்சையைத் திருப்பும் வேலை உண்மையிலேயே முன்னேறியிருப்பது தீவிர மனச்சோர்வில், அதுவும் மூளையைத் தூண்டும் சிகிச்சைகளில். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரின் மூளையையும் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்து, காந்தத் துடிப்பை எந்தப் புள்ளியில் கொடுப்பது என்று ஆளுக்கு ஆள் தீர்மானித்து, நாளுக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் கொடுக்கிறார்கள். 29 பேரை வைத்து நடந்த சோதனையில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மனச்சோர்விலிருந்து விடுபட்டார்கள்; ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலிச் சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலரே. 2022இல் எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது. இன்னொரு பக்கம் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் குழுவினர், எதற்கும் மசியாத மனச்சோர்வுள்ள பத்துப் பேரின் மூளைக்குள் மின்முனை பதித்தார்கள். 24 வாரத்தில் ஒன்பது பேருக்குப் பலன். மின்முனையிலிருந்தே கிடைத்த அலைகளில், ஆள் தேறிக்கொண்டிருக்கிறாரா என்பதைக் காட்டும் ஒரு குறியையும் 2023இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நோய் திரும்பியபோது, வெளியே தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தக் குறி மாறியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனாலும் பத்துப் பேர், அதுவும் மண்டையைத் திறந்து செய்வது, அதிலும் வேறொரு நோய். உங்கள் தம்பிக்கு இதில் இப்போதைக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

அப்படியானால் அவருக்கு அளந்து பார்க்கவே எதுவும் இல்லையா? இருக்கிறது. பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, அவ்வளவுதான்.

சில வருடம் முன்பு ஒரு தந்தை மகனை அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். வழவழப்பான தாளில் 14 பக்க ரிப்போர்ட்டை என் மேசையில் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் பச்சையுமாக மூளைப் படங்கள். "ஆறு மருந்து கொடுத்தாயிற்று டாக்டர், எதுவும் கேட்கவில்லை. இதில் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்புறத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோட்டின் மேல் வருடங்கள். கீழே மருந்துகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே கேட்டேன். எத்தனை மில்லிகிராம்? எத்தனை வாரம்? ஏன் நிறுத்தினீர்கள்? முதல் மருந்து ஒன்பதாவது நாள் கழுத்து இழுத்துக்கொண்டதால் நின்றது. இரண்டாவது, ஆரம்ப அளவிலேயே எட்டு மாதம் ஓடியிருந்தது, யாரும் கூட்டவில்லை. மூன்றாவதை எழுதும்போது அம்மா குறுக்கிட்டார். வீடு மாற்றும்போது கட்டிலுக்குப் பின்னால் கைப்பிடியளவு மாத்திரை கிடைத்ததாம். நான்காவது மூன்று வாரம். ஆறாவது, ஐந்தாவதோடு சேர்த்துக் கொடுத்தது. எண்ணிப் பார்த்தால், போதிய அளவில், போதிய காலம், உண்மையிலேயே உள்ளே போன மருந்து ஒன்றே ஒன்று. 14 பக்கம் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொன்னது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பியின் அடுத்த கட்டத்தை முடிவு செய்வது இந்தக் கணக்குதான். இரண்டு வெவ்வேறு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் குறைந்தது ஆறு வாரம், விடாமல் எடுத்தும் சரியாகவில்லை என்றால் அதை மருந்துக்கு மசியாத மனச்சிதைவு என்கிறோம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகும். அவர்களுக்கு மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று சாதாரண மருந்துகளையே மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தம் குறைவு. குளோசபின் என்ற மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. 1988இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேனின் சோதனையில், பழைய மருந்துகளுக்கு மசியாத 268 பேரில் குளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதத்துக்கு ஆறு வாரத்தில் பலன் தெரிந்தது. ஒப்பிட்டுக் கொடுத்த குளோர்புரோமசின் என்ற பழைய மருந்தில் அது 4 சதவீதம்தான். உங்கள் கடிதத்தில் நான்கு மருந்துகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கில் குளோசபின் இருந்ததா என்று எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

குளோசபினுக்கு மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சிலருக்கு வெள்ளை அணுக்கள் அபாயகரமாகக் குறையும், அதனால் ஆரம்ப மாதங்களில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எடை, சர்க்கரை கூடும். மலச்சிக்கலை அலட்சியம் செய்யக் கூடாது, அது சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் உங்கள் சர்க்கரை ஒப்பீட்டுக்கு மிக அருகில் வரும் பரிசோதனையும் இந்த மருந்துக்குத்தான் இருக்கிறது. ரத்தத்தில் குளோசபின் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கலாம். ஒரு மில்லிலிட்டரில் 350 நானோகிராம் என்ற அளவுக்குக் கீழே இருந்தால், மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பி சிகரெட் பிடிப்பாரா? புகையில் இருக்கும் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். வீட்டில் புகைத்துக்கொண்டிருந்தவர் வார்டில் சேர்ந்து புகைக்க முடியாமல் போனால், மாத்திரை அதேதான், ஆனால் ஒரு வாரத்தில் ஆள் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டே இருப்பார். ரத்தத்தில் அளவு ஏறியிருக்கும். வெறும் நிகோட்டின் பட்டை ஒட்டினால் இந்த விளைவு இருக்காது, புகைதான் காரணம். கடும் காய்ச்சலிலும் அளவு ஏறும். இப்படி ஒரு எண்ணைப் பார்த்து, இன்றைக்கே மாத்திரையைக் கூட்டு, குறை என்று முடிவெடுக்க முடிகிறது.

எந்தப் பரிசோதனைக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். "முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. அந்த மையத்தில் போய் இதே இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், சும்மா கேளுங்கள். மூளை ஆய்வில் பங்கெடுக்கும்படி யாராவது அழைத்தால் அது வேறு விஷயம். முறையான ஆய்வில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், எழுத்தில் சம்மதம் கேட்பார்கள், உங்களிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். தம்பிக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகலாம், சிகிச்சையை நிறுத்தாமல்.

கடைசியாக, தம்பி கேட்கும் ஸ்கேன். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி. அவர் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அநேகமாக 'இயல்பாக உள்ளது' என்றுதான் ரிப்போர்ட் வரும். நோய் இருக்கிறது என்று நிரூபிக்கப் போய், நோய் இல்லை என்று கையெழுத்துப் போட்ட தாளை அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலியும் ஸ்கேனில் தெரியாது, அதற்காக வலி பொய்யாகிவிடாது என்று அவரிடம் சொல்லலாம். ஆனால் வாதத்தில் ஜெயித்து மாத்திரை போட வைப்பது அரிது. நோயின் பெயரை விட்டுவிடுங்கள். அவருக்கு எது தொந்தரவு என்று கேளுங்கள். தூக்கம் வராததா, குரல்கள் திட்டுவதா, வெளியே போகப் பயமா? "அது குறையுதான்னு ஆறு வாரம் சேர்ந்து பார்ப்போம், நீயே நோட்டில் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். தினமும் மாத்திரை போடுவதுதான் அவருக்குக் கசப்பு என்றால், மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்கலாம். அவரும் ஆதாரம்தானே கேட்கிறார், அது நியாயமான கோரிக்கை. தன் உடம்பில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்ற எண்ணை அவரிடமே காட்டும்போது சிலர் மனம் இளகுவதைக் கண்டிருக்கிறேன். குரல்கள் அவரைச் சாகச் சொன்னால் மட்டும் ஆறு வாரம், நோட்டு என்று எதற்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

அடுத்த முறை போவதற்கு முன் ஒரு தாளில் கோடு போட்டு, ஆறு வருடத்து மருந்துகளைப் பழைய சீட்டுகளைப் பார்த்து எழுதுங்கள்: பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், விடாமல் போட்டாரா, ஏன் நின்றது. தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், சில பதில்கள் அவரிடம் மட்டும்தான் இருக்கும். மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னால், முந்தைய இரவு மாத்திரை போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, சுமார் 12 மணி நேரம் கழித்துப் போங்கள். காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் போதும்.